மாமன் படுத்த காது

மயங்கி விழுகிறவனுக்கு ஒரு பெரிய குறை உண்டு. ஊரே கூடி நின்று பார்த்த காட்சியை அவன் ஒருவன்தான் பார்த்திருக்க மாட்டான். விழுந்தது எந்தப் பக்கம், வாய் திறந்திருந்ததா மூடியிருந்ததா, வேட்டி ஒழுங்காக இருந்ததா, எல்லாவற்றையும் அடுத்தவரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அவர்களும் நேராகச் சொல்ல மாட்டார்கள். சிரித்து முடித்த பிறகுதான் சொல்வார்கள். நான் விழுவதை ஒரே ஒரு முறை பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

எனக்கு ஊசி ஆகாது. எனக்குப் போடும் ஊசி மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள், அடுத்தவருக்குப் போட்டாலும் ஆகாது. பல் பிடுங்குவது, தையல் பிரிப்பது, கட்டியைக் கீறுவது, எதையும் நேரில் பார்க்கக்கூட வேண்டாம், விவரமாகச் சொன்னாலே போதும். பள்ளிக்கூடத்தில் முதலுதவிப் பாடம் நடத்தும்போது பெஞ்சிலிருந்து சரிந்திருக்கிறேன். (வகுப்பில் யாருக்கும் என்னை என்ன செய்வதென்று தெரியவில்லை. பாடம் இன்னும் அதுவரைக்கும் போகவில்லை.)

ஆளைப் பார்த்தால் நம்ப மாட்டீர்கள். 2005இல் எனக்கு இருபத்துமூன்று வயது. பி.ஏ. வரலாறு படித்துவிட்டு, மரக்காணம் உப்பளத்தில் லாரிகளுக்கு லோடு ஏற்றும் இடத்தில் மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தேன். ஆள் குறைந்த நாட்களில் நானே மூட்டை தூக்குவேன். மீசை நன்றாக வந்திருந்தது. ஆனால் பாத்தியில் உப்பு வாருகிற அண்ணன் யாராவது, "தம்பி, இங்க பாரு, கால்ல எப்பிடி கீறிக்கிச்சி" என்று பாதத்தைத் தூக்கினால் போதும், நான் குவித்து வைத்த உப்பு அம்பாரத்தின் மேல் கையை ஊன்றிக்கொண்டு கடல் பக்கம் பார்க்க ஆரம்பித்துவிடுவேன். உப்புத் தண்ணீரில் நாள் முழுக்க நிற்பவர்களுக்குக் காலில் கீறல் இல்லாத நாளே கிடையாது. அதனால் நான் வேலை நேரத்தில் கடலை நிறையப் பார்த்திருக்கிறேன். முதலாளி என்னைக் கவிஞன் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

என் விஷயம் ஊர் முழுக்கத் தெரிந்தது தடுப்பூசி முகாமில்தான். சுனாமி வந்துபோன அடுத்த மாதம், எங்கள் பக்கம் ஊசி போட வந்திருந்தார்கள். எனக்குக் குரல் கொஞ்சம் கனம் என்பதால் வரிசையை ஒழுங்குபடுத்தும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். நானும் ஒரு நாற்காலி மேல் ஏறி நின்று, "யாரும் பயப்படாதீங்க. எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்று அறிவித்தேன். முதலில் நின்றவர் சட்டைக் கையை மடக்கினார். நர்ஸ் அம்மா பஞ்சில் மருந்தைத் தொட்டுத் தேய்த்தார். அந்த வாடை வந்தது. அடுத்து எனக்கு நினைவு திரும்பியபோது நான் தரையில் இருந்தேன், வரிசையைக் காணோம்.

ஊசி போட்டதும் ஒரு வாலிபன் விழுந்துவிட்டான் என்று செய்தி பரவி, மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். அடுத்த குப்பத்துக்குச் செய்தி போய்ச் சேர்ந்தபோது நான் செத்தே போயிருந்தேன். நர்ஸ் அம்மா என் கையைப் பிடித்துத் தூக்கி, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார்.

"இந்தத் தம்பிக்கு நான் இன்னும் ஊசியே போடலீங்க! நல்லா பாருங்க, கைல ஓட்டை இருக்குதா? இருக்குதா?"

அன்று மாலை என்னிடம் மிகவும் மரியாதையாக, "தம்பி, நாளைக்கு நீங்க வர வேணாம். வீட்ல ரெஸ்ட் எடுங்க" என்றார். என்னால் ஒரு முழு நாள் வேலை கெட்டுப்போனது அவருக்கு. எனக்குக் கெட்டது அதைவிடப் பெரியது. அந்தக் கதை மரக்காணத்தைத் தாண்டி, என் அக்கா வாழ்க்கைப்பட்ட வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

அக்கா தேவகிக்கு நான் ஒரே தம்பி. அப்பா நான் பள்ளியில் படிக்கும்போதே தவறிவிட்டார். அக்காவின் மாமியாரை நான் அத்தை என்று கூப்பிடுவேன். நல்ல மனுஷிதான். ஆனால் அவர் வாய்க்கு ஓய்வு கிடையாது. தலைதீபாவளிக்கு அம்மா செய்த சீர் தொடங்கி, பிறந்த வீட்டில் ஒரு பெரிய ஆண்பிள்ளை இல்லை என்பதுவரை, அக்காவை எதையாவது சொல்லிக்கொண்டே இருப்பார். முகாம் கதை கேட்டதும் அவருக்குப் புதிதாக ஒன்று கிடைத்தது. "உங்க வூட்டுக்கு இருக்கிறது ஒரு ஆம்பள. அதுவும் பஞ்சு வாடைக்கே படுத்துக்குது" என்று சமையலறையில் சத்தமாகச் சொல்லியிருக்கிறார். அக்கா போனில் அதைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

கல்யாணமாகி நான்கு வருடம் கழித்துப் பிறந்த குழந்தை யாழினி. அவளுக்கு வயது ஒன்று முடிவதற்குள் பச்சையம்மன் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்துவது என்று முடிவானது. மொட்டையும் காது குத்தும் தாய்மாமன் மடியில்தான் நடக்க வேண்டும். தாய்மாமன் நான்.

இங்கேதான் ஏழுமலை வருகிறான். என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன். அப்பா காலத்திலேயே எங்கள் இரண்டு வீட்டுக்கும் பேச்சு அவ்வளவாக இல்லை. ஆள் வாட்டசாட்டம். ரத்தம், ஊசி, கத்தி எதற்கும் அசைய மாட்டான். அவன் மாமாவிடம் (அக்கா வீட்டுக்காரரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன்) போய், "தட்சிணாவ நம்பிப் புள்ளய மடில வெக்கிறது சரியா வராது. நானும் மாமன்தானே? நான் உக்காந்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு வந்தான். மாமாவுக்கு அது நியாயமாகவே பட்டிருக்கிறது. குழந்தை அவருடையதாயிற்றே.

அக்கா அன்று சாயங்காலமே பஸ் ஏறி வந்துவிட்டாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றுகொண்டே பேசினாள்.

"டேய், ஒண்ணு சொல்லிட்டுப் போறேன் கேட்டுக்கோ. ஏழுமலை மடில எம் பொண்ணு உக்காந்தா, எனக்குப் பொறந்த வூடே இல்லன்னு அர்த்தம். அப்புறம் அந்த வூட்ல நான் தலை நிமுந்து ஒரு வார்த்த பேச முடியாது. நீ உக்காரலைன்னா எம் பொண்ணுக்குக் காதே வேணாம்."

"காது இருக்குதுக்கா. ஓட்டைதான்..." என்று ஆரம்பித்தேன்.

அக்கா அழ ஆரம்பித்துவிட்டாள். நான் உட்காருகிறேன் என்று சத்தியம் செய்துகொடுத்தேன். அவள் பஸ் ஏறிய பிறகுதான் எதற்குச் சத்தியம் செய்தேன் என்று எனக்கு உறைத்தது.

ஆனால் எனக்கு ஒரு குணம் உண்டு. பயத்தைவிட, அது ஏன் வருகிறது என்கிற நமநமப்பு எனக்கு அதிகம். மூட்டை தூக்குகிற உடம்பை ஒரு துளி ரத்தம் எப்படிக் கீழே தள்ளுகிறது? அதைத் தெரிந்துகொண்டே தீர்வது என்று திண்டிவனத்தில் ஒரு டாக்டரிடம் போனேன். எனக்கு முன்னால் இருமலும் சளியுமாக ஒரு கூட்டம். "உனக்கு என்னப்பா?" என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார். "காது குத்து" என்றேன். அவர் என் காதைப் பார்த்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தார்.

டாக்டர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "எதுக்கும் ரத்தத்தை ஒரு தடவை டெஸ்ட் பண்ணிடலாம். கையை நீட்டுங்க, இங்கேயே எடுத்திடுவாங்க" என்றார்.

விழித்தபோது அவருடைய அறையில் பரிசோதனைக் கட்டிலில் படுத்திருந்தேன். கால்கள் இரண்டும் ஒரு நாற்காலி மேல் ஏற்றி வைக்கப்பட்டிருந்தன. டாக்டர் முகத்தில் ஒரு திருப்தி.

"டெஸ்ட் வேண்டாம் விடுங்க. உங்களுக்கு என்னன்னு நானே நேர்ல பார்த்துட்டேன்."

அவர் சொன்னது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியமாக இருக்கிறது. பயந்தால் எல்லோருக்கும் இதயம் வேகமாக அடிக்கும். என்னைப் போன்றவர்களுக்கு அது ஏறிய வேகத்தில் தலைகீழாக இறங்கிவிடுமாம். ரத்தம் காலில் போய்த் தங்கிவிடுகிறது, மூளைக்குப் போதவில்லை, உடனே உடம்பு தானாகப் படுத்துக்கொள்கிறது. படுத்ததும் ரத்தம் தலைக்கு வந்துவிடுகிறது, எழுந்துவிடுகிறோம். "அது வியாதி இல்ல. உங்க உடம்பு கொஞ்சம் அவசரக் குடுக்கை, அவ்வளவுதான்" என்றார். வைத்தியமும் சொன்னார். விழப்போகிற மாதிரி தெரிந்தால் தொடையையும் பிருஷ்டத்தையும் கல் மாதிரி இறுக்கிப் பிடிக்க வேண்டும். குத்துகிற இடத்தைப் பார்க்கவே கூடாது. சாப்பிட்டுவிட்டு உட்கார வேண்டும். தண்ணீர் நிறைய, மோரில் உப்பு கொஞ்சம் தூக்கலாக.

"உப்பா?" என்றேன்.

"ஏன், உங்க ஊர்ல கிடைக்காதா?" என்றார். எந்த ஊர் என்று சொன்னேன். அவர் சிரித்து முடிக்கும் வரை காத்திருந்து வெளியே வந்தேன்.

வீட்டில் ஒத்திகை ஆரம்பமானது. நான் சம்மணம் போட்டு உட்காருவேன். மடியில் யாழினிக்குப் பதிலாக ஒரு பரங்கிக்காய். அம்மா கோணி ஊசியை எடுத்துக்கொண்டு எதிரில் உட்காருவாள். "குத்தட்டுமாடா?" "குத்தும்மா." ஊசி பரங்கிக்காய்க்குள் போகும்போது ஒரு மெல்லிய சத்தம் வரும் பாருங்கள், அதற்கே முதல் நாள் எனக்குத் தொடர்ந்து கொட்டாவி வந்தது. கொட்டாவி எனக்கு எச்சரிக்கை மணி. தூக்கம் வருகிறது என்று மற்றவர்கள் நினைப்பார்கள். நான் புறப்பட்டுக்கொண்டிருப்பேன். "தொடைய இறுக்குடா!" என்று அம்மா கத்துவாள். இறுக்கினால் பரங்கிக்காய் துள்ளி உருண்டு அடுப்படிக்குப் போகும். அம்மா எழுந்து போய் எடுத்து வருவாள். ஓட்டை விழுந்த காய்களையெல்லாம் அந்த வாரம் முழுக்கக் குழம்பு வைத்தே தீர்த்தோம். கடைசி இரண்டு நாள் நான் கொட்டாவியே விடவில்லை. அம்மா எனக்கு நெட்டி முறித்துத் திருஷ்டி கழித்தாள்.

அந்த நாளும் வந்தது. கோயில் எதிரே சின்னப் பந்தல். கொஞ்சம் தள்ளி உப்பு அம்பாரங்கள் ஓலை போர்த்திக்கொண்டு வரிசையாக நின்றன. எங்கள் வீட்டுச் சீர்வரிசைத் தட்டுகளைப் பிடித்தவர்களுக்கு முன்னால் புது வேட்டி கட்டிக்கொண்டு நான் நடந்தேன். வயிற்றில் இட்லியும், அதற்கு மேல் ஒரு சொம்பு உப்பு மோரும். அத்தை வாசலிலேயே நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏம்பா தட்சிணா, சாப்டியா?"

"சாப்டேன் அத்த."

"நல்லா சாப்டியா?" என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திருக்காமல் பக்கத்தில் இருந்த பெண்மணியைப் பார்த்துக் கண்ணால் ஏதோ சொன்னார். ஏழுமலை பந்தக்காலில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். அவனும் புது வேட்டி கட்டியிருந்தான். எதற்கு என்று எனக்குப் புரிந்தது.

மொட்டை சுலபமாக முடிந்தது. கத்தி என் கண்ணில் படாதபடி நான் கோபுரத்துச் சிலைகளை ஆராய்ந்துகொண்டிருந்தேன். பிறகு பத்தர் வந்து எதிரே உட்கார்ந்தார். திண்டிவனத்திலிருந்து வரவழைத்திருந்த நகை ஆசாரி. யாழினியின் கையில் ஒரு துண்டு வெல்லத்தைக் கொடுத்தார்கள். அவள் தன் மொட்டைத் தலையை என் மார்பில் சாய்த்துக்கொண்டு வெல்லத்தைச் சப்பினாள். சந்தனத்தின் வாசனை. அந்த நேரம், இந்தக் குழந்தைக்காக நான் எதையும் தாங்கிக்கொள்வேன் என்று உண்மையாகவே தோன்றியது.

கண்ணை மூடினேன். தொடையை இறுக்கினேன். "தம்பி, மடி ஏன் இப்பிடிக் கல்லாட்டம் இருக்குது? கொஞ்சம் தளத்தி உக்காருங்க" என்று பத்தர் சொன்னது கேட்டது. நான் தளர்த்தவில்லை. யாழினி வீறிட்டாள். மேளம் கொட்டியது. "வலது காது ஆச்சி" என்றார் யாரோ.

நான் உட்கார்ந்தபடியே இருந்தேன்! கண்ணைத் திறந்தால் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. கூட்டத்தில் யாரோ, "மாமன் நல்லாத்தானய்யா உக்காந்துக்குறான்" என்றார்கள். அக்கா முகம் மலர்ந்திருந்தது. அத்தைகூட மோவாயை லேசாக அசைத்து அங்கீகரித்த மாதிரி இருந்தது. பந்தக்காலில் ஏழுமலை கையைக் கட்டிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தான்.

அத்தோடு இன்னொரு காதுக்கும் கண்ணை மூடியிருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுத வேண்டியிருக்காது. ஆனால் அந்த நேரம் பார்த்து எனக்குள் இருந்த ஆராய்ச்சியாளன் எழுந்துகொண்டான். இத்தனை வருடம் நான் பயந்தது எதற்கு? அது பார்க்க எப்படித்தான் இருக்கும்? இதோ பக்கத்திலேயே இருக்கிறது, வெறும் ஒரு குழந்தையின் காது. அதையும்தான் ஒரு தடவை பார்த்துவிடுவோமே என்று குனிந்து வலது காதைப் பார்த்தேன்.

புதுத் தங்கக் கம்பிக்குக் கீழே, கடுகு அளவுக்கு ஒரு சிவப்புத் துளி இருந்தது. நான் பார்க்கும்போதே அது கொஞ்சம் பெரிதானது.

வாயை மூட முடியாத அளவுக்கு ஒரு கொட்டாவி வந்தது. மேளச் சத்தத்தை யாரோ ரேடியோவைத் திருகுகிற மாதிரி குறைத்தார்கள். பந்தலின் ஓரங்கள் கறுத்துக்கொண்டு வந்தன. தொடையை இறுக்க வேண்டும் என்று ஞாபகம் வந்தது. ஆனால் தொடை எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. நான் கடைசியாகப் பார்த்தது யாழினி கையில் இருந்த வெல்லத்தின் மேல் ஓர் ஈ வந்து உட்கார்ந்ததைத்தான். அது பறந்துபோனதா என்று எனக்குத் தெரியாது.

இனி வருவது எதையும் நான் பார்க்கவில்லை. பல பேரிடம் பல நாள் விசாரித்து, ஒன்றோடொன்று ஒட்டவைத்தது.

நான் பக்கவாட்டில் விழவில்லையாம். போட்ட சம்மணம் கலையாமல், முதுகு மட்டும் நேர் பின்னால் போய்ப் பாயில் படிந்ததாம். மாமா பாய்ந்து வந்து குழந்தையின் தோளைப் பிடித்துக்கொண்டார். பிடித்திருக்கவே வேண்டாம். யாழினி என் மடியில் உட்கார்ந்தபடியே இருந்தாள். திரும்பி, படுத்திருந்த என்னைப் பார்த்திருக்கிறாள். அழுகையை நிறுத்திவிட்டுச் சிரித்தாளாம். நான் அவளோடு விளையாடுகிறேன் என்று நினைத்திருப்பாள்.

பந்தலே எழுந்து நின்றது. "தண்ணி கொண்டாங்க", "வெங்காயம் கசக்கி மூக்குல வையிங்க" என்று ஆளுக்கொரு குரல். அம்மா என் தலைமாட்டில் உட்கார்ந்து விசிற ஆரம்பித்தாள். பத்தர் பஞ்சாங்கம் பார்த்த ஆள்போலக் கடிகாரத்தைப் பார்த்து, "ராகு காலம் வரப்போவுதுங்க. ஒரு காது குத்தி ஒரு காத விட்டா நல்லா இருக்காது" என்றார். அப்போதுதான் ஏழுமலை பந்தக்காலை விட்டு நகர்ந்து வந்தான்.

"நான்தான் அப்பவே சொன்னேனே? குடுங்க புள்ளய. மீதிய நான் உக்காந்து முடிச்சிடறேன்" என்று வேட்டியை மடித்துக்கொண்டு என் பக்கத்திலேயே உட்காரப் போனான்.

அக்கா குழந்தையைக் கொடுக்கவில்லை. எடுக்கவும் இல்லை. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு நின்றாளாம். அக்கா அந்த வீட்டில் இனி என்னவாக இருக்கப் போகிறாள் என்பது அந்த நிமிடத்தில் அவள் கையிலும் இல்லை, என் கையிலும் இல்லை.

அத்தை குறுக்கே வந்தார்.

"நில்லுப்பா ஏழுமலை. நீ எங்க உக்கார்ற?"

"இல்லத்த, அவந்தான் விழுந்துட்டானே..."

"விழுந்தா இன்னா? மடி இருக்குதில்ல?"

அத்தை கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"மாமன் மடியில குத்தணும்னுதான் முறை. மாமன் முழிச்சிட்டு இருக்கணும்னு எவன் சொன்னான்? ஒரு காது ஒருத்தன் மடில, இன்னொரு காது இன்னொருத்தன் மடிலன்னா, எம் பேத்திக்கு எத்தன மாமன் வூடுன்னு நாளைக்கு ஊரு கேக்காது? தேவகிக்குத் தம்பி ஒருத்தன்தான். அவன் படுத்திருந்தாலும் அவன்தான் மாமன். பத்தரே, குத்துங்க."

பத்தர் தயங்கினாராம். "அம்மா, ஆளு மூச்சுப் பேச்சில்லாம..."

"மூச்சு இருக்குது, நான் பாத்துட்டேன். பேச்சு எதுக்கு? காது குத்தறதுக்கு அவன் இன்னா கச்சேரியா பண்ணணும்? குத்துங்க!"

மேளக்காரர்கள் கொட்டலாமா வேண்டாமா என்று அத்தை முகத்தைப் பார்த்தார்கள். அத்தை தலையசைத்தார். கொட்டினார்கள். கீழே மயங்கிக் கிடக்கிற தாய்மாமனின் கலையாத சம்மணத்தில் யாழினியின் இடது காது குத்தப்பட்டது.

மேளச் சத்தத்தில்தான் எனக்கு விழிப்பு வந்திருக்க வேண்டும். முதலில் தெரிந்தது பந்தல் கூரை. பிறகு ஒரு மொட்டைத் தலையின் பின்புறம். அதன் இரண்டு பக்கமும் தங்கம் மின்னியது. இரண்டு காதும் குத்தியாகிவிட்டது, நான் படுத்திருக்கிறேன், அப்படியானால் யார் மடியில்?

"யாரு மடிலக்கா?" என்றேன். அதுதான் நான் பேசிய முதல் வார்த்தை.

அக்கா அழுதுகொண்டே சிரித்தாள். "உன் மடிலதாண்டா, பைத்தியம். தலையத் தூக்கிப் பாரு."

தலையைத் தூக்கிப் பார்த்தேன். குழந்தை என் மடியில்தான் இருந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை பேர் முன்னால், மீசை வைத்த ஆண்பிள்ளை, மல்லாந்தபடியே அழுதேன். அத்தை ஒரு டம்ளர் சோடாவை என் கையில் கொடுத்துவிட்டு, "எந்திரிச்சி வாப்பா. பந்தி போட்டாச்சி, மாமன் உக்காந்தாதான் மத்தவங்க உக்கார முடியும்" என்றார். அன்றிலிருந்து அவர் அக்காவின் பிறந்த வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை தாழ்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. தான் கூட்டத்தில் எழுந்து நின்று காப்பாற்றிய வீட்டைத் தானே எப்படிக் குறை சொல்வார்? இது என் ஊகம். அத்தையிடம் ஒரு முறை கேட்டேன். "அப்பிடியா? நான் ராகு காலத்துக்குப் பயந்து சொன்னேன்" என்றார்.

எனக்கு ஒரே ஆறுதல் வீடியோ. விழாவை வீடியோ எடுத்திருந்தார்கள். என் வாழ்க்கையில் முதன்முறையாக, நான் விழுவதை நானே பார்க்கப் போகிறேன்! சி.டி. வந்த அன்று வேலைக்கு லீவு போட்டுவிட்டு அக்கா வீட்டுக்குப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன். வலது காது வந்தது. நான் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பது தெரிந்தது. நான் குனிவது தெரிந்தது. கொட்டாவி விட வாயைத் திறந்தேன். அவ்வளவுதான், திரையில் இரண்டு அன்னப்பறவைகள் நீந்திக்கொண்டு வந்தன. ரோஜாப் பூக்கள் பொழிந்தன. ஓர் இதயம் சுற்றிச் சுற்றி வந்து வெடித்தது. அது வெடித்ததும் பந்தியில் எல்லோரும் சாம்பார் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

வீடியோக்காரரைத் தேடிப் போய்க் கேட்டேன்.

"அது நல்லா இல்ல தம்பி, மங்களமா இருக்காதுன்னு நான்தான் எடுத்துட்டேன். அன்னம் புடிச்சிதா?" என்றார்.

சாட்சி என்று மிச்சம் இருப்பது யாழினியின் காதுதான். மடி சற்றுச் சாய்ந்திருந்ததால் இடது காதின் துளை வலதைவிடக் கொஞ்சம் மேலே போய்விட்டது. கம்மல் போட்டால் ஒன்று ஏறியும் ஒன்று இறங்கியும் இருக்கும். எங்கள் வீட்டில் அவளுக்கு வலது காது, இடது காது என்று கிடையாது. 'மாமன் உக்காந்த காது', 'மாமன் படுத்த காது'. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒரு முறை காது வலி என்று டாக்டரிடம் போய், எந்தக் காது என்று கேட்டதற்கு, "மாமா படுத்த காது" என்று சொல்லியிருக்கிறாள்.

ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரிய விளைவு அடுத்த வருடம் தொடங்கியது. 2006இல் மாமாவின் தங்கை மகனுக்குக் காது குத்து. இந்த முறை மடியில் வைக்க வேண்டிய தாய்மாமன், எங்கள் மாமா. சீர்வரிசைத் தட்டுகளை அடுக்கும்போது அத்தை பழத் தட்டுக்கும் பூத் தட்டுக்கும் நடுவில் ஒரு தட்டில் புதுத் தலையணை ஒன்றை வைத்து, அதன் மேல் ஒரு முழம் மல்லிகையும் வைத்தார். "எதுக்குமா இது?" என்று மாமா கேட்டார். "மாமனுங்கள நம்ப முடியல" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தலையணையை மாமாவின் முதுகுக்குப் பின்னால் போட்டார்கள். ஒரே சிரிப்பு. அடுத்த சொந்தத்தில் ஒரு காது குத்து வந்தபோது அவர்களும் கிண்டலுக்கு ஒன்று வைத்தார்கள். அதற்கடுத்த வீட்டில் கிண்டல் என்று சொல்லாமலே வைத்தார்கள். அப்புறம் நான் கவனிப்பதை விட்டுவிட்டேன்.

போன வைகாசியில் கிளியனூர் பக்கம் ஒரு தூரத்துச் சொந்தத்தில் காது குத்து. காலேஜில் படிக்கும் யாழினியும் என்னோடு வந்திருந்தாள். தாய்மாமன் வீட்டார் கடலூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்தார்கள். தட்டுகளை இறக்கி வைத்ததும், குழந்தையின் அப்பா வீட்டைச் சேர்ந்த ஒரு பெரியம்மா ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். கடைசித் தட்டு வந்ததும் நிமிர்ந்தார்.

"தலகாணி எங்க?"

"தலகாணியா? காது குத்துக்கு எதுக்குங்க தலகாணி?" என்றார் கடலூர் அம்மா.

"எதுக்கா? தாய்மாமன் சீர்ல தலகாணி இல்லாம வந்து நிக்கறீங்களே, இன்னா வழக்கம் இது?"

"எங்க பக்கம் அப்பிடி ஒரு முறையே கெடையாதுங்க."

"எங்க பக்கம் பரம்பர பரம்பரையா இருக்குதே!"

குரல்கள் உயர்ந்தன. இன்னும் கொஞ்சம் போனால் தட்டுகள் திரும்பிப் போய்விடும் போலிருந்தது. நாலு பேர் சேர்ந்து என்னைக் கை காட்டினார்கள். எனக்கு இப்போது காதோரம் நரைத்துவிட்டது, கண்ணாடி போட்டிருக்கிறேன், மரக்காணத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். அது போதுமாக இருந்தது அவர்களுக்கு.

"பெரியவர் நீங்க சொல்லுங்க. தலகாணி இல்லாம காது குத்தலாமா?"

உண்மையைச் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் மணையில் உட்கார்ந்திருந்த, தாய்மாமனான பையன் கண்ணில் பட்டான். இருபது வயது இருக்கும். ஜிம்முக்குப் போகிற உடம்பு. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, எதிரே பத்தர் பிரித்துக்கொண்டிருந்த பொட்டலத்தை மட்டும் பார்க்காமல் பந்தலில் இருந்த மற்ற எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். உதட்டில் நிறமே இல்லை.

"கூடாது. தலகாணி இல்லாம குத்தவே கூடாது" என்றேன்.

யாழினி வாயைப் பொத்திக்கொண்டு பந்தலுக்கு வெளியே ஓடினாள். யார் வீட்டிலிருந்தோ பூப்போட்ட உறை மாட்டிய ஒரு தலையணை வந்து சேர்ந்தது. பையனின் முதுகுக்குப் பின்னால் வைத்தார்கள். மேளம் கொட்டியது. முதல் காது குத்தி முடிப்பதற்குள் பையன் ஒரு சத்தமும் இல்லாமல் அதன் மேல் போய்ச் சாய்ந்தான். நான் எழுந்து நின்று, கண் கொட்டாமல், ஆரம்பத்திலிருந்து கடைசிவரை பார்த்தேன்.

பெரியம்மா கடலூர் அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"பாத்தீங்களா? முன்னோர் ஒண்ணு வெச்சாங்கன்னா சும்மாவா வெச்சிருப்பாங்க?"